பிள்ளைக்கு ஹாபிட் வாசித்துக் காட்டப் போகிறீர்களா?

ஹாபிட் நாவலைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட ஆசைதான், ஆனால் தடித்த ஆங்கிலப் புத்தகமாக இருக்கிறது, நடுநடுவே பாட்டு வேறு வருகிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு வாசித்தேன், முடிக்க நாலு மாதம் ஆனது. ஐந்து வயதில் ஒருமுறை முயன்று மூன்றாம் நாளே நிறுத்திவிட்டோம். அந்த மூன்று நாளும் நான் ஆங்கிலத்தில் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனேன், அவள் எதையாவது கேட்டால் "இரு, முடித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அவளுக்கு வயது போதாது என்று அப்போது நினைத்தேன். வயதும் ஒரு காரணம்தான், ஆனால் அந்த "இரு" என்ற சொல்தான் பெரிய காரணம் என்று இப்போது தெரிகிறது.

கதை இதுதான்: பில்போ என்ற ஹாபிட் (மண்ணுக்குள் வீடு கட்டி வாழும், மனிதரைவிடக் குள்ளமான இனம்), காண்டால்ஃப் என்ற மந்திரவாதியின் பேச்சைக் கேட்டு, தோரின் தலைமையிலான பதின்மூன்று குள்ளர்களோடு, டிராகன் பறித்துக்கொண்ட தங்கத்தை மீட்கப் போகிறார். இந்தப் புத்தகம் வளர்ந்ததே பிள்ளையின் குறுக்குக் கேள்விகளுக்கு நடுவேதான். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் டோல்கீன், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒருவர் எதுவும் எழுதாமல் விட்டிருந்த பக்கத்தில் முதல் வரியைக் கிறுக்கிவைத்தார். கதை வளர்ந்ததும் குளிர்கால மாலைகளில் தேநீருக்குப் பிறகு தன் மகன்களுக்கு வாசித்துக் காட்டினார். கடைக்குட்டிப் பையன் கிறிஸ்டோஃபருக்கு அப்போது நாலைந்து வயது. போன தடவை பில்போ வீட்டுக் கதவு நீலம் என்றீர்களே, இப்போது பச்சை என்கிறீர்களே, தோரினின் முக்காட்டுக் குஞ்சம் தங்கம் என்றீர்களே, இப்போது வெள்ளி என்கிறீர்களே என்று அவன் குறுக்கே கேட்க, அப்பா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய் அதைக் குறித்துவைத்தார். இன்று நம் கையில் இருக்கும் புத்தகத்தில் கதவு பச்சை, குஞ்சம் வெள்ளி. அந்தப் பையன்தான் பின்னாளில் அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளைப் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து பதிப்பித்தவர்.

நம் பாட்டிமார் கதை சொல்லும்போது எதிரே இருக்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். ஹாபிட்டையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். பிள்ளை குறுக்கே பேசினால் வாசிப்பு கெடுகிறது என்று நினைக்காதீர்கள், அந்தக் குறுக்குப் பேச்சில்தான் கதை அவர்களுடையதாகிறது.

எந்த வயது? 1936-ல் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் கையெழுத்துப் பிரதியைத் தன் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்து, கருத்து எழுதித் தந்தால் ஒரு ஷில்லிங் என்றார். பையன் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஐந்து முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதினான். அதை நம்பி 1937 செப்டம்பர் 21 அன்று புத்தகம் வெளிவந்தது. பத்து வயதுப் பையன் தன்னைவிடச் சின்னவர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டான் பாருங்கள், அது அந்த வயதின் இயல்பு. என் கணக்கில் ஆறரை, ஏழு வயது சரியான நேரம். பால்பல் விழத் தொடங்கியிருந்தால் ரொம்ப நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, எந்த மொழியில் வாசிப்பது? ஆங்கிலமே வீட்டில் சரளமாகப் புழங்குகிறது என்றால் அப்படியே வாசியுங்கள். எங்கள் வீட்டில் நான் செய்தது வேறு. பாட்டையும் விடுகதையையும் முதலில் ஆங்கிலத்தில் ஒருமுறை, அந்த ஓசைக்காக. மற்றதெல்லாம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில். இதற்கு முந்தைய நாளே அரை மணி நேரம் உட்கார்ந்து, மறுநாள் வாசிக்கப்போகும் பத்துப் பக்கத்தைப் பென்சிலோடு படித்துவிட வேண்டும். சிக்கலான சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், எங்கே நிறுத்தலாம் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியிலும் தடுக்கும், பிள்ளைக்குக் கதையைவிட உங்கள் திணறல்தான் கேட்கும்.

முதல் வரியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஹாபிட் வாழ்வது எங்கே? குழி என்றால் யாரோ விழுந்துவிட்ட மாதிரி இருக்கிறது, ஓட்டை என்றால் வாளி ஞாபகம் வருகிறது, பொந்து என்றால் மரமும் ஆந்தையும். நான் 'வளை' என்று வைத்தேன். நண்டு வளை, எலி வளை பார்த்த பிள்ளைக்கு மண்ணுக்குள் போகும் வழி உடனே கண்ணில் வந்துவிடும். அடுத்த வரியிலேயே ஆசிரியர் இது புழு நெளியும் ஈர வளையும் இல்லை, உட்கார இடமில்லாத வறட்டு மணல் வளையும் இல்லை, சொகுசான வீடு என்று சொல்லிவிடுகிறார், அதனால் வளை என்ற சொல் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

மற்றப் பெயர்களில் ரொம்பக் குழம்ப வேண்டாம். ஹாபிட் ஹாபிட்டாகவே இருக்கட்டும், டிராகனும் அப்படியே. தாடி வைத்த அந்தப் பதின்மூன்று பேரைச் 'சித்திரக்குள்ளர்கள்' என்றேன், அந்தச் சொல் பிள்ளைகளின் கதையுலகில் ஏற்கெனவே இருக்கிறது. குகைக்குள் பிடித்துப்போகும் கூட்டத்துக்குக் 'குட்டிச்சாத்தான்கள்'. 'மந்திரவாதி' என்ற சொல்லில் மட்டும் கவனமாக இருங்கள், நம் கதைகளில் மந்திரவாதி என்றாலே இளவரசியைத் தூக்கிப்போகிற ஆள். காண்டால்ஃப் அப்படி இல்லை என்று விளக்குவதைவிடக் 'காண்டால்ஃப் தாத்தா' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்தது நீ, நீங்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல், தமிழில் நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும், இந்த முடிவிலேயே பாதி நடிப்பு வந்துவிடும். பில்போ காண்டால்ஃபை "நீங்க" என்பார், காண்டால்ஃப் பில்போவை "நீ" என்பார். தோரின் பெரிய இடத்துப் பிள்ளை, எல்லாரிடமும் சபையில் பேசுவதுபோல நீட்டி முழக்குவார். டிராகன் ஸ்மௌக்கிடம் பில்போ பேசும் இடத்தில் "தாங்கள்" என்று ஏற்றிவிடுங்கள், பயத்தில் வருகிற முகஸ்துதி அது, பிள்ளைக்கு உடனே புரியும். ஸ்மௌக்குக்குக் கத்தும் குரல் வேண்டாம். மெதுவாக, மரியாதையாக, தூக்கம் கலையாத குரலில் பேசவையுங்கள். கத்துகிற டிராகனைவிடக் கனிவாகப் பேசுகிற டிராகன்தான் போர்வையை இழுத்துப் போர்த்த வைக்கும்.

பதின்மூன்று சித்திரக்குள்ளர்களுக்கும் பதின்மூன்று குரல் போட முயலாதீர்கள், தொண்டைதான் வற்றும். முதல் அத்தியாயத்தில் ட்வாலின் தனியாக வருவார், அப்புறம் பாலின், அப்புறம் கீலியும் ஃபீலியும் சேர்ந்து, அப்புறம் ஐந்து பேர், கடைசியில் நாலு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டு. குரலை மாற்றுவதைவிடக் கதவு தட்டும் ஓசையை மாற்றுவது எளிது. கட்டில் சட்டத்தில் ஒருமுறை மெதுவாக, ஒருமுறை அவசரமாக, கடைசியில் தடதடவென்று தட்டுங்கள். மூன்றாவது தட்டலுக்குப் பிறகு என் மகளே தட்டத் தொடங்கிவிட்டாள், யார் வருகிறார் என்று மட்டும் நான் சொன்னேன். சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நின்றால் வீட்டுக்காரருக்கு என்ன பாடு என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேக் எல்லாருக்கும் காணாதோ, காணாவிட்டால் உபசரிக்கிற நாம்தானே சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று பில்போ கவலைப்படும் வரியில், "அம்மா, நீயும் அப்படித்தானே செய்வே?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே அத்தியாயத்தை மூன்று இரவாகப் பிரித்து வாசித்தது வீண் போகவில்லை. சாப்பாட்டுப் பெயர்களை மட்டும் அதிரசம், முறுக்கு என்று மாற்றிவிடாதீர்கள். ஆப்பிள் டார்ட்டும் ராஸ்பெரி ஜாமும் இன்னொரு ஊரின் ருசி, அது அப்படியே இருந்தால்தான் பிள்ளை அந்த ஊருக்குப் போய்வர முடியும்.

இரண்டாம் அத்தியாயத்தில் மூன்று ட்ரோல்கள் வருவார்கள், பெர்ட், டாம், வில்லியம். மூலத்தில் அவர்கள் லண்டன் உழைப்பாளிகளின் பேச்சில் பேசுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம்மூர் வட்டார வழக்கு ஒன்றை எடுத்து அவர்கள் வாயில் வைக்கலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஆனால் செய்யவில்லை. ஒரு ஊர்க்காரர்களின் பேச்சைக் கேட்டால் முட்டாள் ராட்சசனை நினைத்துச் சிரிக்கும் பழக்கத்தை நம் கையாலேயே பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் மாதிரி பேசினேன், போதுமானதாக இருந்தது. அந்த இடத்தில் யாரோ ஒருவர் ட்ரோல்களின் குரலில் பேசி அவர்களுக்குள் சண்டை மூட்டிவிடுகிறார். அது யார் என்று பொழுது விடியும்வரை சொல்லாதீர்கள்.

பாட்டுகளைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு அதுதான். ராகம் தெரியாவிட்டால் என்ன, நம்மிடம் இல்லாத மெட்டா? தட்டு கழுவும்போது சித்திரக்குள்ளர்கள் பாடும் கிண்டல் பாட்டு கும்மி மெட்டில் துள்ளிக்கொண்டு போகிறது, கை தட்டிப் பாடலாம். அதே இரவில் விளக்கு மங்கியதும் அவர்கள் பாடும் பாட்டு, தொலைந்துபோன மலையையும் தங்கத்தையும் நினைத்துப் பாடுவது, அதைத் தாலாட்டு வேகத்தில் கீழ்க்குரலில் பாடிப் பாருங்கள். பொருள் முழுக்கப் புரியாவிட்டாலும் பில்போவுக்கு ஏன் திடீரென்று மலைகளைப் பார்க்கும் ஆசை வந்தது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். குட்டிச்சாத்தான்களின் பாட்டு முழுக்க அடியும் வெடிப்பும்தான். நமக்குச் சடசட, படபட, மடமட என்று இரட்டைக்கிளவி எத்தனை இருக்கிறது, அள்ளிப் போடுங்கள்.

இப்போது ஐந்தாம் அத்தியாயம். இதற்கு மட்டும் ஒரு முழு வாரம் முன்னேற்பாடு செய்யுங்கள், தகும். மலைக்கடியில் இருட்டில் பில்போவும், அங்கே தனியாக வாழும் கோல்லம் என்ற ஜந்துவும் விடுகதை போடுகிறார்கள். பில்போ ஜெயித்தால் வெளியே போக வழி காட்ட வேண்டும், கோல்லம் ஜெயித்தால் பில்போவைத் தின்றுவிடுவான். நான் எல்லா விடுகதைகளையும் மனப்பாடம் செய்துகொண்டு விளக்கை அணைத்துவிட்டேன், தலையணைக்கு அடியில் ஒரு சின்ன டார்ச் மட்டும். விளக்கு அணைந்ததும் அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள், அத்தியாயம் முடியும்வரை விடவில்லை.

கோல்லம் தன்னோடு தானே பேசுகிறவன், ஆங்கிலத்தில் தன்னைப் பன்மையில் சொல்லிக்கொள்வான். தமிழில் இதற்கு 'நாம்' என்று போட வேண்டும், 'நாங்கள்' என்று போட்டால் கெட்டுவிடும். அவன் பேசுவது அவனிடமேதான், கேட்கிற ஆளும் பேசுகிற ஆளும் ஒன்று, ஆகவே 'நாம்'. பில்போவை அவன் 'அது' என்பான். "அதுகிட்ட என்ன இருக்கு, செல்லமே? நாம அதைத் தின்னலாமா, செல்லமேஸ்ஸ்?" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே முதுகு சில்லிடும். இந்த ஒரு இடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் நன்றாக வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

பல்லைப் பற்றிய விடுகதையில் சிவப்பு மலைமேல் முப்பது வெள்ளைக் குதிரைகள் வரும். நம் விடுகதையில் முப்பத்திரண்டு சிப்பாய்கள். விடை தெரிந்ததும் கோல்லம் புலம்புவான், நமக்கு ஆறுதானே இருக்கு என்று. அப்போது என் மகளுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. நாக்கால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணிவிட்டு, "எனக்குப் பதினெட்டு, அவனைவிட அதிகம்" என்று இருட்டில் சொன்னாள். பால்பல் விழும் வயது நல்லது என்று சொன்னது இதனால்தான்.

இருட்டே விடையாக வரும் விடுகதையில் நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, பிள்ளை சொல்லிவிடும். முட்டைக்கு வரும் விடுகதை, மூடியும் பூட்டும் இல்லாத பெட்டிக்குள் தங்கப் புதையல், கொஞ்சம் யோசிக்க வைக்கும். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாமல் நம்முடைய "ஊசி நுழையாத கிணற்றில் ஒரு படி தண்ணீர்" என்பதை நடுவில் போட்டேன். தேங்காய் என்று கண்டுபிடித்த கையோடு அந்தப் பெட்டி முட்டைதான் என்றும் கண்டுபிடித்துவிட்டாள். கோல்லத்துக்கு முட்டை ஞாபகம் வருவது அவன் சின்ன வயதில் தன் பாட்டிக்கு முட்டை உறிஞ்சச் சொல்லித்தந்த நாளை நினைத்து. "கோல்லத்துக்கும் பாட்டி இருந்தாங்களா?" அந்த இடத்தில் வாசிப்பு பத்து நிமிடம் நின்றது, நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் பில்போ கையில் வாளிருந்தும் கோல்லத்தைக் கொல்லாமல் தாண்டிக் குதித்து ஓடுகிறார் அல்லவா, அதற்கு ஏன் என்று அவள் கேட்கவே இல்லை, பாட்டியைப் பற்றிப் பேசியபோதே அவளுக்கு விடை கிடைத்திருந்தது.

இந்த அத்தியாயத்தில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். கடைசி விடுகதையின் விடையைக் 'காலம்' என்று சொல்லத்தான் வாய் வரும். வேண்டாம், 'நேரம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்போவுக்கு விடை தெரியாமல் "கொஞ்சம் நேரம் கொடு" என்று கத்த நினைக்கிறார், பயத்தில் "நேரம்! நேரம்!" என்று மட்டும் வாயில் வருகிறது, அதுவே விடையாகிவிடுகிறது. 'காலம்' என்று வைத்தால் இந்த அதிர்ஷ்டம் நடக்காது.

முதல் பதிப்பில் கோல்லம் இவ்வளவு கெட்டவனாக இல்லை, தோற்றதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வழி காட்டிவிடுவான். பின்னால் எழுதிய பெரிய நாவலான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸு'க்கு ஒத்துவர வேண்டும் என்று டோல்கீன் இந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார், 1951 பதிப்பிலிருந்து வருவது இந்தப் புதிய வடிவம். வளர்ந்த பிள்ளையாக இருந்தால் இதையும் சொல்லுங்கள். கதையை எழுதியவரே திருத்தலாம் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி.

வரைபடத்தை மறக்காதீர்கள். புத்தகத்தில் இருக்கும் காட்டு நாட்டு வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு இரவும் எங்கே வந்திருக்கிறோம் என்று பென்சிலால் ஒரு புள்ளி. சித்திரக்குள்ளர்களின் மலை வரைபடத்தில் மேலே இருப்பது வடக்கு இல்லை, கிழக்கு, இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் நிலவொளியில் மட்டும் தெரியும் எழுத்துகள் வரும் நாளில் எலுமிச்சைச் சாற்றை பட்ஸால் தொட்டு ஒரு தாளில் எழுதிக் காயவைத்து, இஸ்திரிப் பெட்டியை நீங்கள் மேலே வைத்துக் காட்டுங்கள், பழுப்பாக எழுத்து எழும்பி வரும்.

பயமுறுத்தும் இடங்கள் உண்டு. ஓநாய்கள் மரத்தைச் சூழ்ந்துகொள்ளும் இடம், காட்டுச் சிலந்திகள் நூலில் சுற்றித் தொங்கவிடும் எட்டாம் அத்தியாயம். இதையெல்லாம் வெட்டி மென்மையாக்கிச் சொன்னால் பில்போ செய்யும் காரியத்துக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். வெட்டாதீர்கள், ஆனால் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். சிலந்தியிடம் மாட்டிக்கொண்ட இடத்தில் நிறுத்தி விளக்கை அணைக்கக் கூடாது, பில்போ முதல் சிலந்தியைக் கொன்று தன் வாளுக்குப் பெயர் வைக்கும் இடம்வரை எப்படியாவது போய்விடுங்கள். எட்டாம் அத்தியாயம் நீளம், அதனால் அதை ஞாயிற்றுக்கிழமை பகலில் வைத்துக்கொண்டோம். அதற்கு முந்தைய அத்தியாயத்தில் பியோர்ன் என்ற முரட்டு ஆளிடம் காண்டால்ஃப் ஒரு கதை சொல்வார், சொல்லச் சொல்லச் சித்திரக்குள்ளர்கள் இரண்டிரண்டு பேராக வந்து குறுக்கே நிற்பார்கள், அந்தக் குறுக்கீட்டாலேயே பியோர்னுக்குக் கதையில் ஆவல் கூடும். குறுக்கே பேசுவதைப் பற்றி நான் மேலே சொன்னதற்கு அந்த அத்தியாயமே சாட்சி.

பெண் பிள்ளைகள் கண்டிப்பாக ஒரு கேள்வி கேட்பார்கள். "இதுல பொண்ணுங்களே இல்லையாம்மா?" உண்மையில் இல்லை. பில்போவின் அம்மா பெலடோனாவின் பெயர் வருகிறது, அதோடு சரி. நான் மழுப்பவில்லை, இல்லை, இந்தப் புத்தகத்தில் இது ஒரு குறைதான் என்றேன். ஆனால் தமிழ் இங்கே ஒரு கை கொடுத்தது. பில்போவுக்கு ஐம்பது வயது, அதனால் 'வந்தான்' என்று சொல்ல முடியாது, 'வந்தார்', 'பார்த்தார்' என்றுதான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். சித்திரக்குள்ளர்களுக்கும் அப்படியே. இந்த 'ஆர்' விகுதியில் ஆணும் அடங்கும், பெண்ணும் அடங்கும். பாதிக் கதையில் என் மகள் ஓரி ஒரு பெண் என்று தானாக முடிவு செய்தாள், நான் ஒரு வினைச்சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஸ்மௌக்கைக் கொல்வது பில்போவும் இல்லை, தோரினும் இல்லை, அதுவரை பெயர்கூடக் கேட்டிராத பார்ட் என்ற வில்லாளி. பிள்ளை சண்டைக்கு வரும். டிராகனின் இடது மார்பில் கவசமில்லாத இடத்தைக் கண்டுபிடித்தது யார், அதைப் பார்டிடம் போய்ச் சொன்ன பறவை யார் பேச்சிலிருந்து கேட்டது என்று திருப்பிக் கேளுங்கள், சமாதானமாகிவிடும்.

ஐந்து படைகளின் போர் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளச் சிரமமான இடம். சமையலறை டப்பாக்களைத் தரைக்குக் கொண்டுவந்தோம். புளியங்கொட்டை குட்டிச்சாத்தான்கள், மிளகு ஓநாய்கள், பச்சைப்பயறு எல்ஃப்கள், கொண்டைக்கடலை மனிதர்கள், பல்லாங்குழிச் சோழி சித்திரக்குள்ளர்கள். மலை ஒரு கவிழ்த்த குண்டான். நான் வாசிக்க வாசிக்க அவள் படைகளை நகர்த்தினாள். கழுகுகள் வரும் வரி வந்ததும் ஓடிப்போய் ஒரு கைப்பிடி பொரியை எடுத்துவந்து மேலிருந்து தூவினாள். பியோர்னுக்கு ஒரு முழு உருளைக்கிழங்கு. கூட்டிப் பெருக்க வெகுநேரம் ஆனது, ஆனால் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது இன்றும் அவளுக்கு மறக்கவில்லை.

பிறகு சாவு. தோரின் சாகிறார், கீலியும் ஃபீலியும் சாகிறார்கள். இதை மாற்றிச் சொல்லாதீர்கள். பில்போவைக் கோட்டை மதிலிலிருந்து தூக்கி எறியப்போன அதே தோரின், கூடாரத்தில் கிடந்துகொண்டு பில்போவிடம் சமாதானம் சொல்லிவிட்டுப் போகிறார், நீட்டாமல் உங்கள் சொந்தக் குரலில் வாசித்தால் போதும். கீலி, ஃபீலியின் சாவு ஒரே வாக்கியம்தான். தோரின் அவர்கள் அம்மாவின் அண்ணன், அவரைத் தங்கள் கேடயத்தாலும் உடம்பாலும் மறைத்துக்கொண்டு விழுந்தார்கள். ஆங்கிலத்தில் கண் ஓடிவிடக்கூடிய வரி இது. தமிழில் "தோரின் அவர்களுக்குத் தாய்மாமன்" என்று சொன்னேன், பிறகு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. மொட்டையடித்துக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார்ந்தோம் என்று தெரிந்த பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும். டோல்கீன் அந்த உறவைச் சும்மா போடவில்லை. பழைய ஜெர்மானியரிடம் தாய்மாமன் உறவு தகப்பன் உறவுக்குச் சமம் என்று ரோமானிய ஆசிரியர் டாசிடஸ் கி.பி. 98-லேயே எழுதிவைத்திருக்கிறார், டோல்கீன் வாழ்நாள் முழுக்கப் படித்த பழம்பாடல்களிலும் அக்காள் தங்கை பிள்ளைகள் மாமனுக்காகப் போர்க்களத்தில் விழுகிறார்கள். அன்றைக்கு அவள் அழுதாள். மறுநாள் வாசிக்கவில்லை, அவளுடைய மாமாவுக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தேன், என்ன விஷயம் என்று சொல்லாமல் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

திரைப்படங்கள் 2012 முதல் 2014 வரை மூன்று பாகமாக வந்திருக்கின்றன. புத்தகம் முடியும்வரை காட்டாதீர்கள். இருட்டில் உங்கள் குரலைக் கேட்டுப் பிள்ளை தானாக உண்டாக்கிக்கொண்ட கோல்லத்தின் முகம் ஒன்று இருக்கும், திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால் அது அழிந்துபோகும். என் மகளின் கோல்லத்துக்குத் தவளைக் கை, நாங்கள் குடியிருந்த பழைய வீட்டுக் கிணற்றடி வாசனை. அடுத்த பெரிய நாவலுக்கும் உடனே தாவ வேண்டாம், பதினொன்று பன்னிரண்டு வயதில் அவர்களே எடுத்துப் படிக்கட்டும்.

கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், சின்னதுதான். பில்போ வீடு திரும்பும்போது அவர் செத்துவிட்டார் என்று முடிவுகட்டி ஊரார் அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருப்பார்கள், தன் நாற்காலி மேசையைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். வெள்ளிக் கரண்டிகளில் நிறைய காணாமல் போயிருக்கும், கடைசிவரை கிடைக்காது. டிராகனுக்கும் போருக்கும் வராத கோபம் என் மகளுக்கு இந்தக் கரண்டிகளுக்கு வந்தது. புத்தகம் முடிந்து மூன்று வாரம் கழித்து, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு காலில் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாள், "அம்மா, அந்தக் கரண்டியை எடுத்தவங்க வீட்டுக்கு பில்போ சாப்பிடப் போயிருந்தா, அதே கரண்டியிலயே பரிமாறியிருப்பாங்களா?"